வாடகைத் தாய் முறையும் குழந்தையின் உரிமையும்

விந்தணுவையும் சினைமுட்டையையும் உடலுக்கு வெளியே ஒன்றுசேர்த்துக் கருவாக்கும் முறையால் உலகின் முதற் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்தது. இவ்வாறு உண்டான கருவைப் பிறிதொரு பெண்ணின் கருப்பையில் வைத்து வளர்த்தலும் பின்னர் இயல்வதாயிற்று. இதுவே வாடகைத் தாய் முறை எனப்படுவது.

இம்முறையில் தாய்மை மூவரிடையே பிரிந்துவிடக்கூடும். முட்டை அளிப்பவள் ஒருத்தி. சுமந்து பெறுபவள் ஒருத்தி. வளர்க்க விரும்புபவள் மற்றொருத்தி. இவர்களுள் ஒருவர் விலகினால் குழந்தைக்குப் பொறுப்பாவார் யார்?

இக்கேள்வி 2008-இல் நம் நாட்டிலேயே எழுந்தது. ஜப்பானியத் தம்பதியருக்காகக் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஒரு பெண் கருவைச் சுமந்தாள். பிரசவத்திற்கு முன்பே அத்தம்பதியர் மணமுறிவு பெற்றனர். முட்டை அளித்தவளின் பெயரோ வெளியிடப்படவில்லை. தந்தை ஏற்க விரும்பியும், குழந்தையை நாட்டிற்கு வெளியே கொண்டுசெல்வது அரிதாயிற்று. பாட்டியார் ஜப்பானிலிருந்து வந்து அதனைப் பேணினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

2021-ஆம் ஆண்டின் வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. குழந்தை, அதனை வேண்டிய தம்பதியருக்கே பிறந்ததாகக் கொள்ளப்படும். உடற்குறை, பால், இரட்டைப் பேறு முதலிய எக்காரணத்தாலும் அதனைக் கைவிடலாகாது. கைவிடுவோர்க்கு 10 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சுமப்பவள் 25 முதல் 35 வயதுக்குட்பட்டவளாய், மணமானவளாய், சொந்தக் குழந்தை உடையவளாய் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒரு முறையே இதனை ஏற்கலாம். மருத்துவச் செலவும் காப்பீடும் போன்றவை நீங்கலாக ஊதியம் பெறலாகாது.

ஊதியத்தைத் தடுப்பது, வறுமையினால் பெண்கள் இதற்கு இணங்கும் நிலையைத் தவிர்க்கும் என்பது சட்டத்தின் கருத்து. ஆயினும், கூலியற்ற இச்சுமை குடும்பத்திற்குள்ளேயே எதிர்த்துப் பேச இயலாத ஒருத்தியின்மேல் விழவும் கூடும். கையொப்பமிட்டவள் மனமுவந்து இட்டாளா என்பதைத் தாள் சொல்லாது.

ஆதலின், கள ஊழியர்கள் அத்தகைய பெண்ணை உறவினர் இல்லாத இடத்தில் சந்தித்து, அவள் பேசும் மொழியிலேயே, இதன் இன்னல்களை எடுத்துரைத்தல் வேண்டும். கரு தன் கருப்பையில் வைக்கப்படும் வரை அவள் தன் இசைவை மீட்டுக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது என்பதையும் தவறாது கூறவேண்டும். பிறந்த முறையைக் காரணமாகக் கொண்டு எக்குழந்தையையும் இழிவாக எண்ணலாகாது என்பதை ஆசிரியர்கள் மாணவர் உள்ளத்தில் பதியச் செய்வார்களாக.