வேலை மாறுமுன் ஒரு கணக்கு

ஆலயச் செயலவையில் இருப்பதாலும் பழைய ஆசிரியர் என்பதாலும், நற்சான்றுக் கடிதம் கேட்டு இளைஞர்கள் என்னை நாடி வருவதுண்டு. அண்மைக் காலமாக அவர்கள் கொண்டுவரும் விவரங்களில் ஒன்றைக் கவனிக்கிறேன். நான்கு ஆண்டுகளில் ஐந்து நிறுவனம், ஆறு நிறுவனம் என்று பட்டியல் நீள்கிறது. காரணம் கேட்டால், "அங்கே நூறு வெள்ளி கூட, சார்" என்பதே பெரும்பாலும் பதில்.

வேலை மாறுவதை நான் குறை கூறவில்லை. ஒரே தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்து, தோட்டம் துண்டாடப்பட்டபோது வெறுங்கையுடன் வெளியேறியவர்களின் வழிவந்தோர் நம்மில் பலர். அசையாமல் கிடப்பது பெருமையன்று. ஆயினும் அந்த நூறு வெள்ளிக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று இவர்கள் கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

நமது நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பல உரிமைகளைச் சேவைக் காலத்தைக் கொண்டே அளக்கிறது. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள். அதன்பின் ஐந்தாண்டு வரை 12 நாள். ஐந்தாண்டு ஆனவருக்கு 16 நாள். மருத்துவ விடுப்பும் 14, 18, 22 என்று உயர்கிறது. நிறுவனம் மாறினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

ஆட்குறைப்பு வந்தால் இதன் அருமை புரியும். 1985இலும் 2001இலும் மின்னணுத் துறை சரிந்தபோது பினாங்குத் தொழிற்சாலைகளில் பலர் வேலையிழந்தனர். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவர் ஓரிடத்தில் ஐந்தாண்டு பணியாற்றியிருந்தால், ஆண்டுக்கு 20 நாள் வீதம் 100 நாள் சம்பளம் இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். பதினோரு மாதத்திற்கொரு நிறுவனம் மாறியவருக்கு? ஒரு காசும் இல்லை. 12 மாதச் சேவை நிறையாதவருக்கு அந்த உரிமையே கிடையாது.

ஊழியர் சேமநிதி மட்டும் நாம் போகுமிடமெல்லாம் கூடவே வரும். ஆனால் இடையில் வேலையில்லாமல் நிற்கும் மாதங்களில் அதில் எதுவும் ஏறாது. 2,000 வெள்ளி சம்பளத்திற்குத் தொழிலாளி பங்கு 220, முதலாளி பங்கு 260. மூன்று மாதம் சும்மா இருந்தால் 1,440 வெள்ளி போயிற்று. அதற்கு ஆண்டுதோறும் சேர வேண்டிய இலாப ஈவும் போயிற்று.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இன்று காவலர், நாளை பண்டகசாலை, அடுத்து பொருள் விநியோகம் என்று தாவுகிறவனுக்கு இறுதியில் கைத்தொழில் எது? வெல்டிங் தெரிந்தவன் பட்டறை மாறினாலும் வெல்டிங் அவனோடு செல்கிறது. பல ஆண்டு அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. ஒரே துறையில் நின்றவருக்குத்தான் அது பயன்படும். என் முன்னாள் மாணவர் ஒருவர் மூன்று தொழிற்சாலை மாறினார். மூன்றிலும் இயந்திரப் பராமரிப்பே பார்த்தார், இன்று மேற்பார்வையாளர். அவரை நான் வேலை தாவியவர் என்று சொல்லமாட்டேன்.

விலகத்தான் வேண்டுமென்றால், புதிய நியமனக் கடிதம் கைக்கு வந்தபின் விலகல் கடிதம் கொடுங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், சேவைக் காலத்திற்கேற்ப 4, 6 அல்லது 8 வாரம் முன்னறிவிப்புத் தரவேண்டும். தராமல் நின்றுவிட்டால் அத்தனை வாரச் சம்பளத்தை நீங்களே கட்ட நேரிடும். கடைசி மாதச் சேமநிதிச் சந்தா கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.