நல்ல செல்லைப் படித்தால் நோயின் தொடக்கம் தெரியும்



ஃபிட்டிங் ஷாப்பில் நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் நினைவிருக்கிறதா? வேலைத்துண்டை அளக்கும் முன் வெர்னியரில் ஜீரோ எரர் பார்க்க வேண்டும். சரியான அளவு எதுவென்று தெரியாதவனுக்குப் பிழையும் தெரியாது. மார்பகப் புற்றுநோய் எங்கே தொடங்குகிறது என்று தேடும் விஞ்ஞானிகளுக்கும் இதுதான் பாடம்.

"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குலே?" என்று சிலர் கேட்கலாம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தனர் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அம்மா, அக்கா, அத்தை இருக்கிறார்கள். அதுக்குத்தான்.

கலங்கிய தண்ணீர்

தென்காசியில் சிற்றாறு கலங்கலாக ஓடினால், தென்காசியிலேயே நின்று தண்ணீரைப் பார்த்துப் பயனில்லை. குற்றாலத்துக்கு மேலே, தெளிந்த தண்ணீர் வரும் இடம் வரை போய், அங்கிருந்து இறங்கி வந்தால்தான் எங்கே கலங்கியது என்று தெரியும்.

புற்றுநோய் ஆய்வில் பல காலம் 'கலங்கிய தண்ணீர்' தான் அதிகம் கிடைத்தது. 1970இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், நோய் முற்றிய ஒரு கன்னியாஸ்திரியிடமிருந்து எடுத்த செல்கள் 'எம்.சி.எஃப்-7' என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் வளர்க்கப்படுகின்றன. இப்படித் தொடர்ந்து வளர்த்துவரும் ஒரே வம்சத்துச் செல்களைத்தான் செல் லைன் என்கிறார்கள். மருந்துகளைச் சோதிக்க இது மிகவும் உதவியது. ஆனால் அந்தச் செல்லில் எல்லா மாற்றமும் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. முதல் மாற்றம் எது என்று அதைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

நல்ல செல்லை வளர்ப்பது எப்படி?

மார்பகத்தின் அளவைக் குறைக்கும் அறுவை சிகிச்சையில் நீக்கப்படும் திசு, அல்லது பெண்கள் மனமுவந்து தரும் சிறு திசு, இவையே மூலப்பொருள். நொதிகளால் திசுவைக் கரைத்து, பால் நாளங்களின் உட்சுவரில் உள்ள செல்களைப் பிரித்து, ஊட்டநீரில் 37 டிகிரி சூட்டில் வளர்க்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல். புற்றுச்செல் ஓயாமல் பெருகும். நல்ல செல்லோ கொஞ்ச நாளில் நின்றுவிடும். சாதாரண மனித செல் சுமார் 50 முறை இரட்டித்ததும் நின்றுவிடுகிறது என்று 1961இல் லியோனார்டு ஹேஃபிளிக் காட்டினார். ஷூ லேஸின் நுனியில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா? குரோமோசோமின் நுனியிலும் டெலோமியர் என்ற உறை உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் அது கொஞ்சம் தேய்கிறது. தேய்மானத்தைச் சரிசெய்யும் நொதியின் மரபணுவை செல்லுக்குள் செலுத்தினால் அதன் ஆயுள் நீள்கிறது.

எதையும் செலுத்தாமல் தானாகவே நீடித்த செல்லும் உண்டு. டெட்ராய்ட்டில் 36 வயதுப் பெண் ஒருவரின், புற்றுநோய் இல்லாத திசுவிலிருந்து வந்த 'எம்.சி.எஃப்-10ஏ' பற்றி 1990இல் அறிவித்தார்கள். ஆனால் கவனிக்க: இதிலும் பிரிவைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு தொலைந்திருக்கிறது. ஆக, சாகாத செல் முழுக்க முழுக்க நல்ல செல் அல்ல. அளவுகோலுக்கும் ஜீரோ எரர் உண்டு. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

உருண்டைக்குள் ஒரு சோதனை

எம்.சி.எஃப்-10ஏ செல்லைத் தட்டையான தட்டில் விடாமல் ஜெல்லில் வளர்த்தால், நடுவில் வெற்றிடமுள்ள சிறு உருண்டைகளாக அமைகிறது, மார்பகத்தில் இருப்பது போலவே. 2001இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் செந்தில் முத்துசாமியும் (பெயரே நம்ம ஊரைச் சொல்கிறதே!) அவரது குழுவினரும் இந்த உருண்டைகளில் சுவிட்ச் போடுவது போல் ஒரு சோதனை செய்தார்கள். செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைத் தூண்டியபோது பெரிய மாற்றமில்லை. அதன் உறவுப் புரதமான 'ஹெர்-2' வைத் தூண்டியபோது, ஓய்ந்திருந்த செல்கள் மறுபடி பெருகி வெற்றிடத்தை நிரப்பின. ஆனால் வெளியே பரவவில்லை.

இதன் பொருள் என்ன? பெருகுவது ஒரு படி. பரவுவது வேறொரு படி. இரண்டுக்கும் நடுவே நமக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் உயிர் பிழைக்கும்.

நம் நாட்டில்

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அன்னபூர்ணி ரங்கராஜனின் குழு, மார்பகச் செல்களைச் சிறு கோளங்களாக வளர்த்து, அவற்றில் குறிப்பிட்ட மரபணுக்களைச் செலுத்திப் புற்றுச்செல்லாக மாறுவதை 2012இல் விவரித்தது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நோயற்ற பெண்கள் தானமாகத் தரும் திசுவுக்கென்றே 2007 முதல் ஒரு வங்கி இயங்கி வருகிறது. அத்திசுவிலிருந்து ஹரிகிருஷ்ண நட்சத்ரி குழுவினர் வெவ்வேறு வம்சாவளிப் பெண்களின் செல் லைன்களை உருவாக்கினர்.

இது நமக்கு முக்கியம். மேல்நாட்டுப் பெண்களைவிட இந்தியப் பெண்களுக்கு இந்நோய் இளவயதிலேயே வருகிறது. அப்படியிருக்க, அளவுகோல் மட்டும் அவர்களுடையதாக இருந்தால் போதுமா?

நாம் செய்யக்கூடியவை

எங்கள் ஊரில் பீடி சுற்றும் ஓர் அத்தை, கட்டி இருப்பது தெரிந்தும் எட்டு மாதம் வாய் திறக்கவில்லை. "வலிக்கவே இல்லியே மக்கா, இதப் போயி யார்ட்ட சொல்ல?" என்றார். கடைசியில் மார்பகத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. நண்பர்களே, தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. ஆகவே,

1. கட்டி, தோலில் குழி, காம்பில் கசிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். எல்லாக் கட்டியும் புற்று அல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

2. 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். அம்மாவை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

3. 'மார்பகம்' என்ற சொல்லைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். அதுவும் கை, கால் போல ஓர் உறுப்பே.

நோயின் முதல் படியைத் தேடி ஆய்வுக்கூடம் உழைக்கிறது. நம் வீட்டில் முதல் வார்த்தையை நாம் பேசுவோம்!