மீன் குட்டைக்கு மானியம்: மனுச் செய்யும் முன் மண்ணைப் பாருங்கள்

வடக்கனந்தல் பகுதியில் கோமுகி அணையில் கல்வராயன் மலை நீர் தேங்குகிறது. இங்கு மீன் குட்டை வெட்ட நினைக்கும் சிறு விவசாயிகள் மானியக் கணக்கை முதலில் தெளிவாக அறிதல் வேண்டும்.

2020இல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், புதுக் குட்டைக்கு எக்டேருக்கு 7 லட்சம் ரூபாய் செலவு என வகுக்கப்பட்டது. மானியம் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம். பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். சுய உதவிக் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் சேரலாம்.

சுமார் 25 சென்ட் குட்டைக்குச் செலவு 70,000 ரூபாய். மானியம் 28,000 அல்லது 42,000. மீதி நம் பொறுப்பு. வேலை முடிந்த பிறகே மானியம் வரும் என்று எண்ணி, முழுச் செலவுக்கும் முன்பே வழி செய்துகொள்க. குட்டையில் நீர் நிற்காவிட்டால் கடன்தான் நிற்கும்.

ஆகவே முதலில் இடுப்பளவு குழி தோண்டி, காலையில் விளிம்பு வரை நீர் நிரப்புங்கள். மாலையில் குறைந்ததை மீண்டும் நிரப்பித் தழையால் மூடுங்கள். மறுநாள் காலை பெரும்பகுதி நீர் இருந்தால் அம்மண் ஏற்றது.

பலர் கூடி நடத்தும் குட்டையானால், பாசனத்துக்கு எவ்வளவு, மீனுக்கு எவ்வளவு நீர் விடுவது என்பதை எழுதி வைத்துக்கொள்க. கோடையில் சச்சரவு வராது.

நடப்பு மானிய விகிதத்தை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே மண்வெட்டியை எடுங்கள்.