பதினாறு வயது காரும் ஒரு புரோக்கரின் கணக்கும்

கேள்வி: ஐயா, 2009 நவம்பரில் நான் புதிதாக வாங்கிய சிறிய பெட்ரோல் கார் இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளை போர்டு. இதுவரை 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஆர்.சி. 2024 நவம்பரோடு முடிந்துபோனதை நான் கவனிக்கவில்லை. பதினாறு மாதம் ஓடிவிட்டது. இன்ஷூரன்ஸ் மட்டும் விடாமல் கட்டிவருகிறேன். இப்போதும் மகள்தான் அவசரத்துக்கு எடுத்துப்போகிறாள். ஆர்.டி.ஓ. அலுவலகம் பக்கம் விசாரித்தால் ஒரு புரோக்கர், "பதினைஞ்சு வருஷம் தாண்டிட்டா ஸ்கிராப்புதான் சார். அப்படியே புதுப்பிச்சாலும் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். இருபத்தஞ்சாயிரம் தர்றேன், ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்கிறார். எதிர்வீட்டு டாக்ஸிக்காரரும் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டுவதைப் பார்க்கிறேன். காரை வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: புரோக்கர் சொன்ன மூன்றில் முதலாவது தவறு, இரண்டாவது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது, மூன்றாவது ஆபத்து. அதே வரிசையில் பார்த்துவிடுவோம்.

பதினைந்து ஆண்டு ஆனதும் தனியார் காரை உடைத்துப் போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. இந்தப் பேச்சு இரண்டு இடங்களிலிருந்து கிளம்பியது. ஒன்று டெல்லி. அங்கே காற்று மாசு காரணமாக, பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வழிமொழிந்தது. அது டெல்லியும் அதைச் சுற்றிய தலைநகர்ப் பகுதியும் சம்பந்தப்பட்ட உத்தரவு. அங்கேயே அது பின்னர் தளர்த்தப்பட்டது. இன்னொன்று அரசு வண்டிகள் பற்றிய விதி. மத்திய, மாநில அரசுகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் சொந்தமான வண்டிகளுக்குப் பதினைந்து ஆண்டுக்குமேல் பதிவு நீடிக்காது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தாசில்தார் ஜீப்புக்கு வந்த விதியை உங்கள் காருக்கு ஏற்றிச் சொல்கிறார் புரோக்கர்.

உங்களுக்கான சட்டம் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 41-ஆம் பிரிவு. சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. பதினைந்து ஆண்டு செல்லும். அதன்பின் வண்டி தகுதியாக இருந்தால் ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். இத்தனை முறைதான் என்ற வரம்பு கிடையாது.

எதிர்வீட்டு டாக்ஸியின் கதை வேறு. அது மஞ்சள் போர்டு, அதாவது போக்குவரத்து வாகனம். அதற்கு 56-ஆம் பிரிவின்படி தகுதிச் சான்று வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 62-இன்படி எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குமேல் ஆண்டுக்கு ஒருமுறையும் எஃப்.சி. காட்டியே ஆக வேண்டும். வெள்ளை போர்டுக்கு அந்த ஆண்டுக் கணக்கு இல்லை. ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது நடக்கும் ஆய்வு ஒன்றுதான்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எனக்குக் கவலை தருகிற விஷயம். மகள் இன்னமும் அந்தக் காரை எடுத்துப்போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு அதை நிறுத்துங்கள். விதி 52 தெளிவாகச் சொல்கிறது: ஆர்.சி. காலம் முடிந்த கார், புதுப்பிக்கும் வரை பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படாது. பொது இடத்தில் பயன்படுத்தவும் கூடாது. பதிவில்லாத வண்டியை ஓட்டினால் 192-ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி சிக்கினால் 5,000-க்குக் குறையாமல் 10,000 வரை அபராதம், ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரும் அதே பிரிவில் வருவார்.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து நடந்தால்தான் கதை மாறும். இன்ஷூரன்ஸ் நடப்பில் இருப்பதால் பயமில்லை என்று நினைக்கிறீர்கள். பிரீமியத்தை வாங்கிக்கொண்டதாலேயே கம்பெனி உங்கள் ஆர்.சி.யை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. நரிந்தர் சிங் வழக்கில் (2014) தற்காலிகப் பதிவு முடிந்து சில வாரமே ஆன வண்டி விபத்தில் சிக்கியது. செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் சாலையில் ஓட்டியது பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறிய செயல் என்று சொல்லி, வண்டிக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் மறுத்தது. சுஷில் குமார் கோதாரா வழக்கில் (2021) கார் திருடுபோனது. அங்கும் பதிவுக் காலம் முடிந்திருந்தது. அங்கும் பணம் கிடைக்கவில்லை. எதிராளிக்கு அடிபட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று இதுபோன்ற நிபந்தனை மீறல்களில் நீதிமன்றங்கள் பலமுறை உத்தரவிட்டிருக்கின்றன. அந்த உரிமையாளர் நீங்கள்தான்.

அதனால்தான் புரோக்கரின் மூன்றாவது பேச்சை ஆபத்து என்றேன். படிவம் 29-லும் 30-லும் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இருபத்தைந்தாயிரத்தை வாங்கி வந்துவிடுவீர்கள். அவர் இன்னொருவருக்கு விற்பார், அந்த ஆள் வேறொருவருக்கு. பெயர் மாற்றம் நடந்ததா என்று யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் (2018) இதேதான் நடந்தது. கார் கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. இரும்புக்கடைக்குத்தான் போகிறது என்று வாயால் சொன்னாலும், பதிவு ரத்தாகாத வரை அந்த நம்பர் உங்கள் தலையில்தான்.

சரி, புதுப்பிப்பது எப்படி? படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். பரிவாகன் தளத்தில் கட்டணத்தைக் கட்டி, ஆய்வுக்கு நாள் குறித்துக்கொள்ளலாம். காலம் முடிவதற்கு அறுபது நாள் முன்பிருந்தே இதைச் செய்திருக்கலாம், போகட்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500. உங்கள் பதினாறு மாதத்துக்கு 8,000. இரண்டும் சேர்த்து 13,000. பசுமை வரி தனி. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இன்னொரு ஐந்நூறு. இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. அடுத்த முறை உங்களுக்கு அந்தக் கணக்குதான் வரும்.

விண்ணப்பிக்கும் முன் ஆர்.சி.யைத் திருப்பிப் பாருங்கள். கடனில் வாங்கிய காராக இருந்தால், கடனை எப்போதோ அடைத்திருந்தாலும் வங்கியின் பெயர் அதில் அப்படியே இருக்கும். வங்கியின் சான்றோடு படிவம் 35 கொடுத்து அதை நீக்குங்கள். நிலுவையில் உள்ள இ-சலான்களைக் கட்டுங்கள். புகைச் சான்று எடுங்கள். 2009 வண்டி பாரத் ஸ்டேஜ் நான்குக்கு முந்தையது என்பதால் அந்தச் சான்று ஆறு மாதம்தான் செல்லும், ஓராண்டு அல்ல.

மெக்கானிக்கிடம் விடும்போது, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும் கண்ணோடு பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் பிடிக்க வேண்டும், ஸ்டீயரிங்கில் ஆட்டம் கூடாது. ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் எரிய வேண்டும். ஹாரன், வைப்பர், ஸ்பீடோமீட்டர், கண்ணாடிகள், சைலென்ஸர் எல்லாமே விதி 62-இன் பட்டியலில் உள்ளவை. டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். முன்னால் கம்பி பம்பர் இருந்தால் கழற்றுங்கள். கேஸ் கிட் மாட்டியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். குறைவாக ஓடிய வண்டி என்று பெருமைப்படுகிறீர்கள்; நின்றே பழகிய வண்டியில்தான் டயர் இறுகும், பிரேக் பிடித்துக்கொள்ளும், அடித்தளம் துருவேறும். முக்கியமாக சேஸிஸ் எண். அந்த இடம் துருவில் மூழ்கியிருந்தால், பென்சிலால் தேய்த்துப் பதிவெடுக்க முடியாமல் அங்கேயே வேலை நின்றுவிடும். மென்மையாகச் சுத்தம் செய்யுங்கள். எண்மேல் கிரைண்டர் படவே கூடாது. அது வேறு வழக்காகிவிடும்.

ஆய்வு நாளன்று காரை நீங்களே ஓட்டிப்போக வேண்டாம். கட்டண ரசீது கையில் இருந்தாலும் பதிவு உயிர்பெற்றுவிடவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றிப்போவதற்கு ஆகும் செலவு, வழியில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தால் ஆகும் செலவைவிடக் குறைவு.

இன்ஸ்பெக்டர் குறை சொன்னால் சரிசெய்து மறுபடி காட்டுங்கள். அதிகாரி புதுப்பிக்கவே மறுத்தால், 45-ஆம் பிரிவின்படி அந்த உத்தரவின் நகலைக் காரணத்தோடு உங்களுக்குத் தர வேண்டும். "ஆகாது சார், போங்க" என்ற வாய்வார்த்தை உத்தரவு அல்ல. எழுத்தில் வாங்கிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் 57-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம்.

கடைசியாக, வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்ற கேள்வி. அதற்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை, உங்கள் மெக்கானிக்கின் எஸ்டிமேட்டில் இருக்கிறது. பதிமூன்றாயிரத்தோடு பழுதுச் செலவையும் கூட்டுங்கள். வண்டியின் மதிப்புக்குள் அடங்கினால் புதுப்பியுங்கள். அடங்காவிட்டால் அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கொடுத்து, வைப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, பதிவை ரத்து செய்யுங்கள். அந்தச் சான்றிதழைக் காட்டிப் புதிய கார் வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. வாகன வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதிகள் இடமளிக்கின்றன. இரண்டு வழியில் எதில் போனாலும் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். புரோக்கர் காட்டும் வழியில் அது தெரியாது.

முடிவெடுக்கும் வரை காரைத் தெருவில் விடாமல் காம்பவுண்டுக்குள் நிறுத்துங்கள். சாவியை மகள் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.