அப்பாவின் அச்சகத்திலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டேன், டீச்சர் வேலையையும் மியூசியத்தையும் விட்டால் இந்தப் படிப்புக்கு வேறு வழியே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். கடைசி வரியில், அப்பா அச்சகத்தை மூடப்போகிறார், ஈய எழுத்துகளை எடைக்குப் போடப் பேசிவிட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். என் பதில் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அதற்கு வருமுன் சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். பழைய புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கியெறிந்த தாள்களையும் சேர்த்துவைத்தார். அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் தாள்கள் கடல் கடக்கவில்லை. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அப்படியோர் இடத்தில் பட்டியல் போடுகிறவரும், கிழிந்த தாளைச் செப்பனிடுகிறவரும், ஸ்கேன் எடுப்பவரும் செய்வது வரலாற்று வேலையேதான்.

தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்தவர். நாடகமும் பாட்டும் சினிமாவும் விடுதலை இயக்கத்தைச் சுமந்த கதையை 1981-இல் நூலாக்கினார். பத்திரிகையாளர் எஸ். முத்தையா சென்னையின் கட்டடங்களையும் தெருக்களையும் பற்றி விடாமல் எழுதினார். ஸ்பென்சர், சிம்சன் போன்ற பழைய நிறுவனங்களின் வரலாற்றையும் எழுதிக்கொடுத்தார். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டது. அந்த இழப்பை மறக்காத மண்ணின் நூல்களையும் இதழ்களையும், 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்ற அமைப்பு இணையத்தில் ஏற்றிவருகிறது.

உங்கள் ஊரிலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. நூற்றாண்டு காணும் மில்லுக்கும் பள்ளிக்கும் மலர் எழுத ஆள் வேண்டும். ஆவணப்படத்துக்குத் தகவல் தேடவும், வெளியூர்க்காரர்களைக் கோயில் வீதியில் நடத்திச் சென்று கதை சொல்லவும், பழைய பத்திரங்களிலுள்ள தமிழ் எண்களை வாசித்துச் சொல்லவும் ஆள் வேண்டும். மாதச் சம்பளம் உடனே வராது. துண்டு வேலைகளாகத்தான் வரும். பழைய கையெழுத்தை வாசிப்பதும், குறுக்கே பேசாமல் ஒருவரைப் பேசவிடுவதும் கைவந்தால் ஒரு வேலை அடுத்த வேலையைக் கூட்டிவரும்.

முதல் வேலை உங்கள் வீட்டிலேயே காத்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை எழுத்துக் கேஸுக்கு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். சிறு வயதில் ஓர் அச்சகத்தில் பார்த்திருக்கிறேன்: கோர்ப்பவரின் கண் கையெழுத்துப் பிரதியிலேயே இருக்கும், கை மட்டும் ‘க’ இருக்கும் அறைக்கும் கொம்பு இருக்கும் அறைக்கும் தானாகப் போய்வரும். எந்த எழுத்து எந்த அறையில், ஏன் அங்கே என்று அப்பாவிடம் கேளுங்கள். அந்தக் கையைப் படமெடுங்கள், குரலைப் போனில் பதியுங்கள். அவர் அடித்த தேர்தல் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, திருவிழா அழைப்பிதழ் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து, ஆண்டும் அடிக்கக் கொடுத்தவர் பெயரும் குறித்துவையுங்கள். சொன்னதில் எதை வெளியே காட்டலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஊர் நூலகத்தில் ஒரு மேசைமேல் பரப்பிவையுங்கள். யார் வீட்டுக் கல்யாணம், எந்தத் தேர்தல், எந்த வெள்ளத்துக்கு முந்தைய திருவிழா என்று பார்க்க வருகிறவர்களே உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் படிப்பு.

எடைக்காரர் வரும்போது ஒரு கேஸ் எழுத்தை மட்டும் கொடுக்காமல் எடுத்துவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதத்தை இருமுறை படித்தவன்