அண்ணன் பணம் அனுப்புறார், அவருக்கு பி.எஃப். யார் போடுறது?

அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் பக்கம் புது மாடி வீடுகள் பலவற்றுக்குப் பின்னால் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா சம்பாத்தியம் இருக்கு. 2023-24-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4% என்கிறது ரிசர்வ் வங்கி ஆய்வு.

தங்கச்சி படிப்பு, கல்யாணம், அடகு நகை மீட்பு எல்லாம் அந்தப் பணத்துலதான். ஆனா கணக்குல ஒரு ஓட்டை இருக்கு.

உங்க அடிப்படைச் சம்பளத்துல 12% பி.எஃப். பிடிக்கிறாங்க, கம்பெனியும் 12% போடுது. சிங்கப்பூர்ல ஒர்க் பெர்மிட்ல இருக்கிற உங்க அண்ணனுக்கு? அங்கே சி.பி.எஃப். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். அவரோட ஆரம்பச் சம்பளம் ஏஜென்ட் கடனுக்குப் போகும், மிச்சம் வீடாகும். நாம குடியிருக்கிற வீடு, அவர் திரும்பி வந்த பிறகு மாசச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட தராது.

உங்க கணக்குக்கு அண்ணன் அனுப்புற பணத்துக்கு வரி இல்லை. ஆனா அதை உங்க பேர்ல எஃப்.டி. போட்டா, வட்டிக்கு வரி கட்டுறது நீங்க. அவர் பேர்ல எதுவும் சேராது.

அதனால அவர் பேர்ல என்.ஆர்.இ. கணக்கு தொடங்கச் சொல்லுங்க. அவர் வெளிநாட்டுல இருக்கிறவரை அந்த வட்டிக்கு இங்கே வரி கிடையாது. மாசாமாசம் அனுப்புறதுல 12% அதுல தொடாம நிக்கட்டும். வீட்டுச் செலவு கொஞ்சம் இடிக்கும். அந்தப் பங்கை உங்க சம்பளத்துல இருந்து நீங்க எடுத்துக்கோங்க.

நமக்காகப் போனவர், வெறுங்கையோட திரும்பக் கூடாது.