ஏழு பேர் சேர்ந்து எழுதும் பாயான் லெப்பாஸ் நாவல்

2007இல் பெங்குவின் பதிப்பகமும் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் ‘எ மில்லியன் பெங்குவின்ஸ்’ என்று ஒரு நாவலை இணையத்தில் திறந்துவிட்டன. யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். ஏறத்தாழ 1,500 பேர் கைவைத்தார்கள். சில வாரங்களில் முடிந்த அந்தச் சோதனையில், நாவல் என்று கையில் எடுத்துப் படிக்க ஒன்றும் தேறவில்லை. அங்கே ஆளுக்குக் குறைவில்லை. எந்த ஊர், எந்தக் காலம், யார் கையில் எந்தப் பாத்திரம் என்ற வரையறைதான் இல்லை. வாட்ஸ்அப் குழுவாகச் சேர்ந்து நாவல் எழுத ஆசைப்படும் பினாங்கு நண்பர்களுக்கு, நம் பாயான் லெப்பாஸையே களமாக வைத்து வழி சொல்கிறேன்.

முதலில் வேலையைப் பிரியுங்கள். குழுவில் நூறு பேர் இருக்கட்டும், அத்தியாயம் எழுதுவோர் ஏழு பேருக்கு மேல் வேண்டாம். மற்றவர்களின் வேலை இன்னும் பெரியது. 1972இல் இங்கே தொழில் வட்டாரம் தொடங்கி, இன்டெல் முதலான மின்னணு நிறுவனங்கள் வந்தபோது வேலைக்குப் போன அக்காமார்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைத்தவர்கள். அவர்களிடம் கேளுங்கள்: ஃபேக்டரி பஸ் எங்கே நின்றது? இரவு ஷிஃப்டில் தூக்கத்தை எப்படி விரட்டினீர்கள்? முதல் சம்பளத்தை யார் கையில் கொடுத்தீர்கள்? பதில்களைக் குரல் பதிவாக வாங்குங்கள். கதையில் சேர்க்கலாமா என்று அப்போதே கேட்டு, ஒப்புதலையும் அதே பதிவில் வாங்கிவிடுங்கள். இந்த அனுபவங்கள் எழுதப்படாமலே போய்விடக் கூடாது என்பதற்காகவாவது இந்த நாவல் வேண்டும்.

அடுத்து, முடிவை முதலிலேயே பேசி வையுங்கள். 1931இல் லண்டன் டிடெக்‌ஷன் கிளப் எழுத்தாளர்கள் ‘தி ஃப்ளோட்டிங் அட்மிரல்’ துப்பறியும் நாவலை ஆளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதினார்கள். ஒவ்வொருவரும் மனத்தில் ஒரு தீர்வோடுதான் எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. நம் எழுத்தாளர்களும் அத்தியாயத்தோடு, ‘இது இங்கே போய் முடியும்’ என்று நாலு வரி தனியாக எழுதித் தரட்டும்.

அத்தியாயத்தைவிடப் பாத்திரத்தைப் பங்கிடுவது நல்லது. ராஜேந்திர யாதவும் மன்னு பண்டாரியும் சேர்ந்து எழுதிய ‘ஏக் இஞ்ச் முஸ்கான்’ இந்தி நாவலில், ஆண் பாத்திரம் யாதவ் பொறுப்பு, பெண் பாத்திரங்கள் பண்டாரி பொறுப்பு. சரோஜா உங்கள் பாத்திரம் என்றால் அவள் எப்படிப் பேசுவாள் என்பதில் உங்கள் சொல்தான் கடைசி.

அந்தச் சரோஜாவுக்கு ஒரு குறிப்பேடு போடுங்கள். ‘1974இல் வயது 19. சுங்கை பக்காப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். இடதுகைக்காரி. அண்ணனைப் பெரியண்ணே என்பாள். லைன் சூப்பர்வைசரிடம் மலாய். ஊருக்குப் போக ஃபெர்ரி.’ கடைசி வரியைக் கவனியுங்கள். பினாங்குப் பாலம் 1985இல்தான் திறந்தது. யாராவது 1979இல் அவளைப் பாலத்தில் ஏற்றினால் அந்த அத்தியாயமே சரிந்துவிடும். படகுத்துறையில் காத்திருக்க வைத்தாலோ, அந்த நேரத்துக்குள் ஒரு சந்திப்பையே நடத்திவிடலாம்.

பேச்சு வாட்ஸ்அப்பில் இருக்கட்டும். பிரதியை அங்கே வைத்தால் காணாமல் போகும். கூகுள் டாக்ஸில் வைத்து, எழுதியவருக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுங்கள், மற்றவர்கள் கருத்து மட்டும் போடலாம். இரண்டு வாரத்துக்கு ஓர் அத்தியாயம், அதன் மேல் மூன்று நாள் விவாதம், பிறகு பூட்டு. முடிந்த அத்தியாயத்தைத் திரும்பத் திறந்தால் நாவல் நகராது.

முழுப் பிரதியும் வந்தபின் ஒரே ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை திருத்தி எழுத வேண்டும். எழுத்தாளர்கள் சுரேஷும் பாலகிருஷ்ணனும் ‘சுபா’ என்ற பெயரில் எழுதும்போது எது யார் வரி என்று வாசகர் யோசிப்பதில்லை. அந்த ஓட்டம் வாக்கெடுப்பில் வராது. அப்படித் திருத்துபவர் யார் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து, அவர் வெட்டினால் வருத்தப்படமாட்டோம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

காப்புரிமையையும் தள்ளிப்போடாதீர்கள். மலேசியச் சட்டப்படி கூட்டுப் படைப்பின் உரிமை, ஆசிரியர்களில் கடைசியாக இறப்பவரின் காலத்துக்குப் பிறகு 50 ஆண்டு நீடிக்கும். ஆகவே அட்டையில் யார் பெயர், வருமானம் எப்படிப் பங்கு, நடுவில் விலகுபவரின் பாத்திரம் யாருக்கு என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, முதல் அத்தியாயம் தொடங்கும் முன்பே ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அனுபவம் சொன்ன அக்காமார்களில் சம்மதிப்பவர்களின் பெயரும் நூலில் வர வேண்டும் என்பதை அதே தாளில் சேருங்கள்.